சிவகாசிக்கு வந்த பாய்மரப் படகு

மயினி,

உங்கள் காரியத்துக்குப் போய்விட்டு நேற்றுத்தான் வீடு திரும்பினேன். பந்தலில் மைக் கட்டியிருந்தார்கள். சொந்தக்காரர் ஒருவர் எழுந்து, "அடக்கமே உருவான அம்மையார், யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அறியாதவர்" என்று நீட்டி முழக்கிக்கொண்டிருந்தபோது மைக்செட் வயர் கருகி, ரப்பர் தீய்ந்த வாடை பந்தல் முழுக்கப் பரவியது. பேச்சு நின்றுவிட்டது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். நான் அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அந்த வாடை நம் இருவருக்கும் நன்றாகத் தெரியும். அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம் முழுக்க நம் தலைமுடியிலும் சேலையிலும் அதுதான் வீசியது. மைக்கில் பேசியவர் சொன்ன அம்மையார் யாரோ, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த உங்களை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தூத்துக்குடி உப்பு வியாபாரியின் மகளாகிய நீங்கள் எங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு சிவகாசிக்கு வந்தீர்கள். அண்ணன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது உங்களுக்கு இருபத்தைந்துகூட ஆகவில்லை. பட்டாசுக் கம்பெனி, லேபிள் அச்சகம், பெரிய வீடு என்று எல்லாம் இருந்த குடும்பத்தில் உங்களுக்குக் கிடைத்தது பின்கட்டில் ஓர் அறை. வெள்ளைச் சேலை. கடைக்குக்கூடப் போகவேண்டாம் என்ற மரியாதை. பிறந்த வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் அப்பா, "இப்ப எதுக்கும்மா? ஊரு என்ன பேசும்?" என்பார். நீங்களும் சரி மாமா என்று உள்ளே போய்விடுவீர்கள். அதைத்தான் இவர்கள் அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

அப்புறம் அந்த லாரி வந்தது.

தீப்பெட்டி லோடு இறக்கிவிட்டுத் தூத்துக்குடியிலிருந்து காலியாகத் திரும்ப வேண்டிய லாரி அது. அதன்மேல் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு பாய்மரப் படகு. கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் தன் நாட்டுக்குக் கிளம்பும்போது விற்றுவிட்டுப் போனது. உங்கள் அப்பா உங்கள் பேருக்கு எழுதிவைத்த பங்கில், உங்கள் தாய்மாமா மூலமாகச் சத்தமில்லாமல் வாங்கியிருந்தீர்கள். சாத்தூரைத் தாண்டும்போது, இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகிற சப்பரம் என்று நினைத்துப் பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்களாம். டிரைவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அச்சகத்துக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில், வேப்ப மரத்தடியில், பனங்கட்டைகளை முட்டுக்கொடுத்துப் படகை இறக்கினார்கள். சுற்றுச்சுவர் மேலெல்லாம் தலைகள்.

அப்பா கம்பெனியிலிருந்து ஓடிவந்தார். வேட்டியெல்லாம் பட்டாசுக்குப் போடும் வெள்ளிப் பவுடர்.

"ஏம்மா, கண்மாயே காஞ்சு கெடக்குற ஊருக்குப் படகா? ஒனக்கு என்ன கிறுக்கா?"

"நான் அங்கன போகக் கூடாதுன்னு சொன்னீக மாமா. அதான் அதை இங்கன வரச் சொல்லிட்டேன்."

கல்யாணமாகி வந்து இத்தனை நாளில் நீங்கள் அவரிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். நான் அச்சகத்தின் பின்வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

எதற்காக வாங்கினாய் என்று அம்மா கேட்டாள், சித்தப்பா கேட்டார், உங்கள் அண்ணன்மார் இருவரும் காரில் வந்து கேட்டார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னீர்கள். "எனக்குப் பிடிச்சிருக்கு." அதற்கு மேல் அவர்களுக்குப் பிடித்துக் கேட்க எதுவும் கிடைக்கவில்லை.

கடைசியில் அப்பாவுக்கு ஒரு பிடி கிடைத்தது. படகுக்கு விளக்கு எரிய வேண்டும், இல்லாவிட்டால் துறைமுகத்திலிருந்து வெளியே விடமாட்டார்கள் என்று உங்கள் அண்ணன்மாரில் ஒருவரே சொல்லிவிட்டார். இந்தப் படகிலோ ஒரு விளக்கும் எரியவில்லை.

"ஆடிக் கடைசி வெள்ளி இருக்கன்குடி போயிட்டு வருவோம். அதுக்குள்ள வெளக்கு எரிஞ்சா படகு ஒன்னுது. எரியலேன்னா மரக்கடைக்காரர் வந்து எடுத்துட்டுப் போவாரு. தேக்கு நல்லாருக்குங்காரு" என்றார் அப்பா. நீங்கள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

லாரிப் பட்டறையிலிருந்து எலக்ட்ரீசியன் ஒருவர் வந்தார். உள்ளே கையை விட்டு ஒரு கொத்து வயரை இழுத்துப் பார்த்தார். நாளைக்கு வருகிறேன் என்று போனவர், மறுநாள் வாசலோடு நின்று, "ஒங்க மாமா வேண்டாம்னுட்டாக தாயி, என்னைய ஒண்ணும் நெனச்சுக்கிடாதீக" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "ஏட்டி, காலேஜுல பௌதிகம்தான படிக்க? வா."

விருதுநகருக்கு பஸ்ஸில் போய்ப் படித்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் மின்சுற்று என்றால் நேரான நாலு கோடு. உங்கள் படகில் பலகைக்குப் பின்னால் இருந்ததெல்லாம் ஒரே பழுப்பு நிறம். துணி சுற்றிய ரப்பர் வயர்கள், எது எங்கே போகிறது என்று தெரியாமல் பின்னிக் கிடந்தன. உப்புக் காற்று பட்டுச் செம்பு பச்சை பூத்திருந்தது. கல்லூரி எனக்குப் பட்டறிவு எதையும் தந்திருக்கவில்லை. உங்களுக்கோ படிப்பு இல்லை. ஆனால் படகில் எந்த விளக்கு எங்கே இருக்க வேண்டும் என்று தெரியும். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பாய்மரத்தின் உயரத்தில் வெள்ளை, கேபினுக்குள் ஒன்று. அவ்வளவையும் வைத்து ஆரம்பித்தோம்.

முதல் நாளே குறடு இரண்டு வயர் முனைகளில் ஒன்றாகப் பட்டு, வயர் புகைந்துவிட்டது. நீங்கள் முந்தானையைச் சுற்றிப் பிடித்து வயரைப் பிடுங்கி எறிந்தீர்கள். அம்மா அலறிக்கொண்டு வந்தாள். "பட்டாசுக்காரன் வீட்டுல நெருப்போட வெளயாட்டா?" அம்மா பயந்ததில் தப்பில்லை. கம்பெனியில் எந்த ஷெட்டிலும் மின்சாரமே கிடையாது, ஒரு பொறிக்கு என்ன பலம் என்று பார்த்த குடும்பம். நீங்கள் எதிர்த்துப் பேசவில்லை. கம்பெனியிலிருந்து சிவப்பு மணல் வாளிகளைக் கொண்டுவரச் சொல்லிப் படகைச் சுற்றி வரிசையாக வைத்தீர்கள். படகின் பாட்டரியைக் கழற்றி வெளியே, மரத்தடியில் வைத்தீர்கள். அப்புறம் அம்மா உங்கள் வெள்ளைச் சேலையில் இருந்த கிரீஸ் கறையைப் பார்த்து, "இதென்ன கோலம்?" என்றாள்.

"வெள்ளையில கறை தெரியுது அத்தை. நாளையிலேர்ந்து பச்சை கட்டிக்கிடுதேன்."

கட்டினீர்கள். கரும்பச்சைக் கண்டாங்கி.

வயர்களுக்கு அடையாளம் வைக்க அச்சகத்துக் கழிவு லேபிள்கள் உதவின. கிளிப்படம் ஒட்டியது பாய்மரத்துக்குப் போகிறது, யானை ஒட்டியது கேபினுக்கு, தாமரை முன்பக்கத்துக்கு. சிறிய கார் பல்பு ஒன்றில் இரண்டு வயர் கட்டி, ஒரு முனையைப் பாட்டரியில் வைத்துக்கொண்டு, மற்றதால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்ப்போம். பல்பு எரிந்தால் அங்கே வரை கரண்டு வருகிறது என்று அர்த்தம்.

இரண்டு பேய்களைப் பிடிக்க வேண்டியிருந்தது. முதல் பேய் பாட்டரியைக் குடித்தது. பஸ் ஷெட்டில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்து மாட்டினால், மறுநாள் காலை செத்துக் கிடக்கும். சுவிட்சுப் பலகையில் கரண்டு ஓடுவதைக் காட்டும் சிறிய மீட்டர் ஒன்று இருந்தது. எல்லாச் சுவிட்சையும் அணைத்த பிறகும் அதன் முள் சற்றுச் சாய்ந்தே நின்றது. நான் ஒவ்வொரு வயராகக் கழற்ற, நீங்கள் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"கிளியக் கழத்து. இல்ல. யானையக் கழத்து. இல்ல... ஏட்டி, அதென்ன, படமே ஒட்டாதது? அதைக் கழத்து."

கழற்றினேன். முள் நேராகிவிட்டது. அந்த வயரைத் தடவிக்கொண்டே போனோம். படுக்கைப் பலகைக்கு அடியில், வெள்ளைக்காரர் கழற்றிக்கொண்டு போன மின்விசிறியின் மொட்டை வயர் இரண்டும் உப்பு ஊறிய மரத்தில் பதிந்து கிடந்தன. ஈரத்தின் வழியே கரண்டு சன்னமாகக் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. வெட்டி எறிந்தோம்.

இரண்டாவது பேய்தான் நம்மைப் பாடாய்ப் படுத்தியது. முன்பக்கத்துச் சிவப்பு, பச்சை விளக்குகளுக்குச் சுவிட்சைப் போட்டால் அவை எரியவில்லை, கேபினுக்குள் இருந்த விளக்கு மினுக்கென்று சிவந்தது! சோதனை பல்பை வைத்துப் பார்த்தால் கரண்டு சிவப்பு விளக்கு வரை ஒழுங்காக வந்து நிற்கிறது. நான் தரையில் சாக்பீஸால் படம் போட்டுப் போட்டு அழித்தேன். நான் அழிக்காததை ஆடிக் காற்று அழித்தது. வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. முடியாது மயினி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் என் படத்தை வெகுநேரம் பார்த்தீர்கள். "இதுல போற வழியத்தான போட்டிருக்க. வெளக்குக்குப் போனது பாட்டரிக்குத் திரும்ப வரணும்லா? அது எந்த வழி?"

திரும்பும் வயர் எங்கோ அறுந்திருக்க வேண்டும். வழியில்லாத கரண்டு, அதே திரும்பும் வயரில் இருந்த பாய்மர விளக்குக்குள் நுழைந்து, அதோடு ஒரே சுவிட்சில் இருந்த கேபின் விளக்கைச் சுற்றிக்கொண்டு வீடு திரும்புகிறது. ஒரு தனி வயரைப் பாட்டரியிலிருந்து நேராக இழுத்துப் போய்ச் சிவப்பு விளக்கின் மறுமுனையில் தொட்டேன். பட்டப்பகலில், வேப்ப மரத்தடியில், சிவப்பும் பச்சையும் பளிச்சென்று எரிந்தன. நீங்கள் கை தட்டினீர்கள் மயினி. அண்ணன் போனபிறகு நீங்கள் கைதட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் அறுந்த இடத்தைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமாக இல்லை. பாய்மரம் நிற்கும் இடத்துக்குக் கீழே, பழைய டேப்பைப் பிரித்தால், உள்ளே வயருக்குப் பதில் பச்சைத் தூள். சுரண்டி, முறுக்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்தோம்.

கடைசி வெள்ளிக்கு முதல்நாள் சாயங்காலம் அப்பா மரக்கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். நீங்கள் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டீர்கள். சுவர் மேல் இருந்தவர்கள் விசிலடித்தார்கள். அப்பா படகைச் சுற்றி நடந்தார், பச்சை விளக்கின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

"சரிம்மா. சொன்ன சொல்லு மாற மாட்டேன். படகை நீயே வச்சுக்க" என்றார். அவர் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது.

எனக்குக் கண் கலங்கியது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன். நீங்கள் இறங்கிவந்து அவருக்கு முன்னால் நின்றீர்கள்.

"வெளக்கு எரியலேன்னாலும் வச்சுக்கிட்டுத்தான் இருந்திருப்பேன் மாமா. இது என்னுது. இதை இப்பச் சொல்லாம விட்டா, நீங்க குடுத்ததா ஆயிரும்."

விசில் நின்றது. அப்பாவின் முகம் கறுத்தது. மரக்கடைக்காரர் செருப்பைத் தேடினார். அப்பா வீட்டுக்குள் போய்விட்டார்.

எனக்கு உங்கள்மேல் கோபம் கோபமாக வந்தது. "அவுகதான் சரின்னுட்டாகளே, எதுக்கு மயினி வம்பு? ஜெயிச்சுட்டோம்லா?" என்றேன்.

"எதை ஜெயிச்சோம்?" என்று கேட்டீர்கள். "வெளக்கு எரியணும்னு செஞ்சோம், எரியுது. அம்புட்டுதான். அவுக பரீட்சை வச்சாகன்னா நான் எழுதணுமா?"

மறுநாள் எல்லாரும் இருக்கன்குடிக்குப் போனார்கள், நீங்கள் போகவில்லை. அடுத்த வாரம் அதே லாரியில் படகோடு நீங்களும் ஏறினீர்கள். அப்பா கம்பெனியில் இருந்துவிட்டார். அம்மாதான் புளியோதரைப் பொட்டலத்தைக் கையில் திணித்து, "காத்து பலமா அடிச்சாப் போகாத" என்றாள். அவள் அதற்கு மேல் சொல்ல நினைத்தது எதுவோ, லாரி கிளம்பிவிட்டது.

அப்புறம் நான் தூத்துக்குடிக்கு வந்த விடுமுறைகள். பச்சைச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நீங்கள் பாயை அவிழ்ப்பதைத் துறைமுகமே நின்று வேடிக்கை பார்க்கும். நீங்கள் யாரையும் பார்க்கமாட்டீர்கள். பல வருஷம் கழித்து அப்பா ஒரு தடவை வந்தார். உங்கள் வீட்டில் சாப்பிட்டார், படகைப் பற்றிப் பேசவே இல்லை. நீங்களும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் கிளம்பும்போது, "அடுத்த தடவ அத்தையையும் கூட்டிட்டு வாங்க" என்றீர்கள். அவரும் தலையை ஆட்டினார்.

உங்களிடம் பாய் கட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டேன், வரவே இல்லை. காற்று எந்தப் பக்கம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வேறொன்று வந்திருக்கிறது.

போன மாதம் என் மகன் சென்னையிலிருந்து வந்தான். இந்த வயதில் தனியாக இருக்கக்கூடாது, வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிடு என்றான். நான் அசையவில்லை. "சரி, டாக்டர்கிட்ட போய்ப் பாரு. அவரு சரின்னு சொன்னா இங்கயே இரு" என்றான். என் நல்லதுக்குத்தான் சொன்னான், அது எனக்குத் தெரியும். எனக்கே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் டாக்டரிடம் போனேன். ரத்தம், இருதயம் எல்லாம் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒரு குறையும் இல்லைம்மா" என்றார்.

சாயங்காலம் மகன் போன் செய்தான். "டாக்டர் என்னம்மா சொன்னாரு?"

"அது கெடக்கு. நான் இங்கனதான் இருப்பேன்" என்றேன்.