அடிவான மானியும் அண்ணையும்

7 பெப்ரவரி 2024, புதன்

இன்று அது நிமிர்ந்து நின்றது!

கொழும்பில் ஒரு பழைய இரும்புக் கடையில் எடுத்த விமான மானி. மேலே நீலம், கீழே மண்ணிறம், நடுவில் வெள்ளைக் கோடு. விமானம் எப்படிச் சரிந்தாலும் உண்மையான அடிவானம் எங்கே என்று கோடு காட்டும். வீட்டுக் கறண்டில் ஓடாது. விமானத்துக் கறண்ட் வேறு, மூன்று கம்பியில் வரும். அதைத் தரும் பெட்டியை வங்கி வேலை முடிந்து வந்து நானே கட்டினேன். முதல் தடவை இரண்டு கம்பியை மாறிக் கொடுத்துவிட்டேன். உள்ளே இருக்கும் சில்லு எதிர்ப்பக்கம் சுற்றி, கோடு மெல்ல மெல்லச் சரிந்து, தலைகீழாகிப் படாரென்று அடித்ததில் பேரிங் போய்விட்டது. வேறு பேரிங் கிடைக்க மாதக்கணக்கில் அலைந்தேன்.

இன்று மானியைக் கையில் வைத்துச் சரித்தேன். கோடு மட்டமாகவே நின்றது. தனியாக இருந்து சிரித்தேன்.

12 பெப்ரவரி, திங்கள்

கொழும்பில் வங்கிப் பயிற்சி முடிந்து யாழ்ப்பாணம் வந்தால் மேசையில் பெட்டி மட்டும் இருக்கிறது. மானி இல்லை.

நேற்று எங்கள் தேவாலயத்தில் அறுப்பின் பண்டிகை, விளைந்ததைப் படைக்கும் நாள். வழக்கமாக எங்கள் வீட்டிலிருந்து வாழைக்குலை போகும். இந்த முறை குலை முற்றவில்லையாம். றொபின் அண்ணை என் மானியைக் கொண்டுபோய்ப் பீடத்தில் வைத்துவிட்டார். ஜெபம் பண்ணி, ஏலம் விட்டு, சபை மூப்பர் ஐசாக் அங்கிள் எடுத்தும்விட்டார்.

"ஆண்டவருக்குக் குடுத்ததுக்கு ஏன் மூஞ்சையை நீட்டுறாய்? எத்தினை பேர் என்ரை கையைப் பிடிச்சுக் கதைச்சவை தெரியுமே?"

அவரின்ரை கை! தேய்ச்சது ஆர்? எண்ணெய் விட்டது ஆர்? ஒரு சொல் கேட்டிருந்தால்... கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டன், அது வேறை.

பீடத்தில் படைத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது. சபை என்னைக் கிழித்துத் தொங்கவிடும். அது தெரிந்துதான் அங்கே வைத்திருக்கிறார்.

13 பெப்ரவரி

அண்ணையின் தேத்தண்ணிக்குச் சீனி போடவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுப் போனார். இது போதாது.

21 பெப்ரவரி, புதன்

ஞாயிறு பாடசாலை விழாவில் மானியை ஓட்டிக் காட்டச் சொல்லி ஐசாக் அங்கிள் கேட்டாராம். அண்ணை ஓம் என்றுவிட்டு வந்து நிற்கிறார்.

"அந்தப் பெட்டியை ஒருக்கால் தாவன். எப்பிடிக் கொழுவுறது எண்டும் சொல்லு."

நானும் வருகிறேன் என்றேன்.

"நீ ஏன் மேடைக்கு? எனக்குச் சொல்லித் தந்தால் காணும்."

காணும். எனக்கும் அது நல்லாப் போதும்.

திருநெல்வேலிச் சந்தியில் ஈயக்கம்பி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பெட்டியைத் திறந்து இரண்டு கம்பியை மாற்றிப் பற்றவைத்து, மூடி அண்ணையிடம் கொடுத்தேன். எல்லாரும் பார்க்க விழட்டும். அவர் முகமும் சேர்ந்து விழட்டும். நல்ல பசி. வயிறாரச் சாப்பிட்டேன்.

3 மார்ச், ஞாயிறு

விழுந்தது.

"இது நாங்கள் வீட்டிலை செய்தது" என்று அண்ணை மைக்கில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கோடு சரியத் தொடங்கியது. கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீலம் கீழே போனது — படார்.

சனம் கைதட்டியது! "பிளேன் குட்டிக்கரணம் அடிக்குது!" என்று பிள்ளைகள் துள்ளினார்கள். ஐசாக் அங்கிள் அண்ணையைக் கட்டிப்பிடித்தார். மட்டமாக நிற்பதுதான் அதன் வேலை என்று அந்த மண்டபத்தில் யாருக்குத் தெரியும்? எனக்கு மட்டும். மடைச்சி, இதை ஏன் யோசிக்காமல் விட்டாய்?

"இன்னொருக்கால்!" என்றார்கள். அண்ணை மறுபடி போட்டார். மறுபடி படார். தாங்க முடியவில்லை. ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

"தமையனிலை எரிச்சல்" என்று சபையில் யாருக்கோ மிரியம் அன்ரி பின்னால் சொன்னது கேட்டது.

9 மார்ச்

மானி வீட்டுக்கு வந்துவிட்டது. கரகரவென்று சத்தம் போடுகிறதாம், இனி வேண்டாமாம் ஐசாக் அங்கிளுக்கு. கேட்காமலே கிடைத்தது, இந்தக் கோலத்தில்.

10 மார்ச், ஞாயிறு

ஆராதனை முடிந்து கோவிலால் வந்து அண்ணை என் அறை வாசலில் நின்றார்.

"நான் ஏதோ பிழையாக் கொழுவிப்போட்டன் போலை. உன்ரை சாமானைப் பழுதாக்கிப்போட்டன். மன்னிச்சுக்கொள், நிஷானி."

உன்ரை சாமான். பிறந்ததிலிருந்து அவர் வாயால் மன்னிப்பு என்று நான் கேட்டதில்லை. எடுத்ததற்கு வரவில்லை, செய்யாததற்கு வந்தது. பரவாயில்லை என்றேன்.

மானியைத் திறந்தேன். அவர் பக்கத்தில் இருந்து ரோச் லைற் பிடித்தார்.

"அந்தப் பெட்டியையும் ஒருக்கால் திறந்து பாப்பமே?"

வேண்டாம், அதில் பிழை ஒன்றும் இல்லை என்றேன்.