இருபதாவது கால்

ஒஸ்லோ
12.01.2025

அன்புள்ள வினோஜா,

கலியாணம் முடிஞ்சு நாலு வருசமாய் நோர்வேக்கு வாரும் எண்டு கேட்டுக் களைச்சிட்டன். ஆசுப்பத்திரியிலை நேர்ஸ் மிஸ்ஸிமார் காணாது, விட்டிட்டு வர ஏலாது எண்டு நீரும் சொல்லிக் களைச்சிருப்பீர். இப்ப வேறை உதவி கேக்கிறன்.

எங்கடை கொம்பனி செய்த கருவி ஒண்டை இதோடை அனுப்பியிருக்கிறன். கெண்டைக்காலிலை ஒட்டினால் தோலுக்குள்ளாலை வெளிச்சத்தை விட்டு, தசையிலை ஒட்சிசன் எவ்வளவு எண்டு காட்டும். நசிஞ்ச காலிலை ஊசி குத்திப் பாக்கத் தேவையில்லை. அனுமதி எல்லாம் எடுத்தாச்சு. இருபது பேரிலை பாத்து அனுப்பும். சரிவந்தால் இந்தக் கருவிப் பிரிவுக்கு நான்தான் தலைவர்.

நேரத்துக்குச் சாப்பிடும்.

கீர்த்திகன்

நெடுந்தீவு
20.02.2025

அன்பான கீர்த்திக்கு,

நான் சுகம். பத்தொன்பது பேர் சுகமான ஆக்கள். எல்லாருக்கும் எழுபது வீதத்தை ஒட்டித்தான் காட்டினது.

இருபதாவது ஆள் அன்ரன். வள்ளத்துக்கும் இறங்குதுறைக்கும் இடையிலை கால் நசிஞ்சு, மத்தியானம் தூக்கிக்கொண்டு வந்தவை. அவனுக்கும் கருவி, சுகமான காலுக்குப்போலை, எழுபதுதான் காட்டினது. ஆனால் கால் கல்லுமாதிரி இறுகிக் கிடந்தது. விரல் அசைக்க ஏலேல்லை.

"மிஸ்ஸி, கால் போகுதோ?" எண்டு கேட்டான்.

"போக விடமாட்டன்" எண்டனான்.

டொக்டரிட்டைச் சொல்லி, கடற்படைப் படகிலை யாழ்ப்பாணத்துக்கு ஏத்தினம். அண்டைக்கே காலைக் கீறி, உள்ளுக்கை இருந்த அமுக்கத்தைக் குறைச்சுக் காப்பாத்திப்போட்டினம். கருவியை நம்பியிருந்தால் அடுத்தநாள் வரைக்கும் இஞ்சை கிடத்தியிருப்பம். அவன்ரை கறுத்த தோலாலையோ, வீக்கத்தாலையோ, எனக்குத் தெரியாது. நீங்கள்தான் பாக்கவேணும்.

வினோஜா

ஒஸ்லோ
05.03.2025

வினோஜா,

ஒரு காலுக்காக ரெண்டு வருச வேலையை நிப்பாட்ட ஏலாது. கொம்பனிக்குப் பத்தொன்பது பேரின்ரை அளவை மட்டும் குடுத்திட்டன். சித்திரைக் கடைசியிலை அவையின்ரை முடிவு. கோவிக்காதையும், உமக்கும் சேத்துத்தான் ஓடுறன்.

கீர்த்திகன்

நெடுந்தீவு
19.03.2025

அன்பான கீர்த்திக்கு,

நசிஞ்ச காலுக்குத்தானே இதை விக்கப்போறியள்? சுகமான காலிலை ஒட்டிப் பாக்க ஆர் வாங்கப்போகினம்?

இஞ்சை கடல் அடிச்சால் படகு ஓடாது. எழுபதைக் கண்டிட்டு ஒரு மிஸ்ஸி ஆறுதலாய் இருந்தால் ஒருத்தன்ரை கால் போகும். சித்திரை பதினைஞ்சுக்குள்ளை நீங்களே கொம்பனிக்காரரிட்டைச் சொல்லுங்கோ. சொல்லாட்டில் அன்ரன்ரை அளவு எழுதின தாளை நான் அவைக்கு அனுப்புவன். உங்களுக்கு ஒளிச்சுச் செய்ய மனமில்லை, அதுதான் முதலே எழுதுறன். அதுக்குப் பிறகு நீங்கள் என்னோடை கதைக்காமல் விட்டாலும் நான் இதைச் செய்வன்.

உங்கள் வினோஜா

ஒஸ்லோ
28.04.2025

வினோஜா,

சொல்லிட்டன். பிரிவை வேறை ஆளிட்டைக் குடுத்திட்டினம். உம்மிலை கோவம் இருக்குது, இல்லை எண்டு பொய் எழுத ஏலாது.

கருவியைத் திருத்த, உங்கடை ஆசுப்பத்திரி மாதிரி அடிபட்ட கால்கள் வாற இடத்திலை ஒருத்தர் ஒரு வருசம் நிண்டு பாக்கவேணுமாம். கூட்டத்திலை வேறை ஒருத்தரும் கை தூக்கேல்லை. நான் தூக்கினனான்.

ஆனி ரெண்டாந் திகதி குறிகட்டுவானிலை நெடுந்தீவுப் படகு ஏறுவன். இறங்குதுறைக்கு வாறதும் விடுறதும் உம்மடை விருப்பம்.

கீர்த்தி