காய்ச்சலோடு ஓடாதே

மார்ச் 4
அன்புச் சின்னவனுக்கு,
ஓட்டப் பயிற்சி முகாமில் போனை வாங்கி வைத்துவிட்டார்களாமே, அதனால் கடிதம். தினமும் முழு வேகம், தூக்கமில்லை, விடியும்போதே படபடப்பு என்று எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து லேபில் வேலையே ஓடவில்லை. இங்கே டிரெட்மில்லில் எத்தனை பேரை ஓடவிட்டு, விரல் நுனியில் ரத்தம் எடுத்துக் களைப்பை அளந்து பார்த்திருக்கிறேன்! நெடுந்தூரத்தில் ஜெயிக்கிறவர்கள் பெரும்பாலான நாட்கள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில்தான் ஓடுகிறார்கள். மூச்சிரைக்கிற ஓட்டம் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் போதும். உடம்பு தேறுவது ஓய்வில்தானடா. கோச்சிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்.
அக்கா

மார்ச் 15
அன்புள்ள அக்கா,
சொன்னேன். எல்லார் முன்னாலும் சிரித்தார். “உங்க அக்காவையே வந்து ஓடச் சொல்லு” என்றார். மறுநாள் எனக்கு மட்டும் கூடுதலாக மேடேறி ஓடும் பயிற்சி. நீ சொல்வது சரியாகத்தான் இருக்கும், இங்கே செல்லாது. வேகம் குறைந்துகொண்டே வருகிறது, அதற்காக இன்னும் அதிகமாக ஓடுகிறேன். இரண்டு நாளாகக் காய்ச்சல். யாரிடமும் சொல்லவில்லை. அணித் தேர்வுப் போட்டி நெருங்கிவிட்டது. இதை விட்டால் எனக்கு வேறென்ன தெரியும்?
சின்னவன்

மார்ச் 20
சின்னவனே,
காய்ச்சலோடு ஓடாதே. கிருமி இதயத் தசையில் இறங்கிவிடும். போட்டி போனால் போகட்டும். என்னைத் திட்டிக்கொண்டாவது படுத்திரு.
அக்கா

ஏப்ரல் 9
அக்கா,
உன் கடிதம் போட்டியன்று காலையில் வந்தது. படித்துவிட்டுத்தான் ஓடப் போனேன். பாதி தூரத்தில் விழுந்தேனாம். எனக்கு நினைவில்லை. இதயத் தசையில் தழும்பாம். “இனிமே பஸ் பிடிக்கக்கூட ஓடாதீங்க” என்றார் டாக்டர். கோச் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்து, முகாம் சீருடையை வாங்கிக்கொண்டு போனார். முகாமில் என் கட்டிலுக்கு வேறு ஆள் வந்தாயிற்று. நீ வராதே. உன் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.
சின்னவன்

ஏப்ரல் 14
சின்னவனே,
ஆஸ்பத்திரிக்குப் போனேன். நேற்றே கிளம்பிவிட்டாயாம். “அக்கா கீழ காத்திருக்காங்க” என்று நர்சிடம் சொல்லிவிட்டு இறங்கினாயாம். உன்னைத் தேடி முகாமுக்கு வந்தேன். இங்கும் இல்லை. கோச் என்னைப் பார்க்க மறுத்துவிட்டார். வாசல் காவலாளியின் மேஜையில் வைத்து இதை எழுதுகிறேன். “வெளிய போனவங்க யாரும் திரும்பி வந்ததில்லம்மா” என்கிறார். இருந்தாலும் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்றார். நான்தான் சொன்னேனே என்று ஒருநாளும் சொல்லமாட்டேன்டா. மாத்திரைகளை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று.
அக்கா