அண்ணாந்து குடிக்கச் சொல்

பாப்பிரெட்டிப்பட்டி
டிசம்பர் 19

அன்புத் தம்பி வீரமணிக்கு,

அக்கா எழுதுகிறேன். உங்கள் இருவரையும் சேலத்தில் ரயில் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அரையாண்டுத் தேர்வுத் தாள் கட்டைப் பிரித்தால் ஒரே தாளை இரண்டு முறை திருத்துகிறேன். எழுந்து வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறேன். "இவ வூட்லயே பாலைவனம் நடக்கிறா" என்று அம்மா கேலி செய்கிறாள்.

போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். நீ பேசும்போது உன் மாமா பக்கத்திலேயே இருப்பார். வாட்ஸ்அப்பில் அனுப்பினால், வழி பார்க்க உன் போனை எடுப்பவரும் அவர்தான். அதனால்தான் நீங்கள் தங்கப்போகும் ஜெய்சல்மேர் லாட்ஜ் முகவரிக்கு எழுதுகிறேன். 27ஆம் தேதி பாலைவனத்தில் நடக்கத் தொடங்கும் முன் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

போன வருடம் நானும் மாமாவும் அங்கே நடந்த நான்காம் நாள் என்ன ஆனது என்று உனக்குத் தெரிந்த கதை பொய். தண்ணீர்க் கேனை மாமா கை தவறி உடைத்தார் என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறீர்கள். பொங்கலுக்கு நீ அதைச் சொல்லிக் கேலி செய்தபோது அவர் சிரித்தபடி இலையைப் பார்த்துச் சாப்பிட்டார். உடைந்தது எதுவுமில்லை. கொட்டியது நான்.

காலையில் எழுந்ததும் குடத்தில் இருக்கும் பழந்தண்ணீரைக் கொட்டிக் கழுவிப் புதுத்தண்ணீர் பிடிப்போமே, அந்தக் கைப்பழக்கம். தூக்கக் கலக்கத்தில் இரண்டு கேனையும் மணலில் கவிழ்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த மழைநீர்த் தொட்டிக்குப் போனேன். மூடியைத் தூக்கிப் பார்த்தால் அடியில் வெடித்த மண். பையில் அரை லிட்டர் பாட்டில் ஒன்றுதான் மிச்சம். தார்ச்சாலைக்கு இருபத்தாறு கிலோமீட்டர்.

அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். மணலில் ஈரம் பட்ட இடத்தை ஒருமுறை பார்த்தார், பையை மாட்டிக்கொண்டு நடந்தார். சித்தேரி மலையை ஏறி இறங்கிய கால்தானே என்று என்னைத் தேற்றிக்கொண்டு பின்னாலேயே போனேன். மணலில் ஓரடி வைத்தால் அரையடி பின்னால் போகிறது. மணிக்கு ஒருமுறை நான் ஒரு வாய் குடிப்பேன், பிறகு அவர் வாங்கிக் குடிப்பார். பாட்டில் மட்டும் குறையாமல் வந்தது. சிக்கனமாகக் குடிக்கிறோம் என்று எனக்குச் சந்தோஷம் வேறு.

சாலை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் விழுந்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர்தான் டிராக்டர் கொண்டு வந்தார்கள். மூன்று நாள் டிரிப்ஸ். சிறுநீரகம் பிழைத்தது பெரிய விஷயம் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. உன் மாமா டம்ளரில் வாய் வைத்து நீ பார்த்திருக்கிறாயா? கல்யாண வீட்டில் பாயசத்தைக்கூட அண்ணாந்து ஊற்றிக்கொள்பவர். அன்று மட்டும் பாட்டிலை வாயில் வைத்தே குடித்தார். குடிக்கவே இல்லை, உதட்டை நனைத்துக்கொண்டார். நான் அதைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறேன்.

விட்ட இடத்திலிருந்து முடித்துவிட்டு வருகிறேன் என்கிறார். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கெடுத்தவள் நான். பள்ளிக்கூடத்தில் அத்தனை நாளுக்கு லீவும் கிடைக்கவில்லை. உன்னைத்தான் நம்பி அனுப்பியிருக்கிறேன். உனக்குக் குறையும் என்று தோன்றினால் உன்னிடமும் அதையேதான் செய்வார்.

நீங்கள் கிளம்பியதிலிருந்து நான் குடத்துத் தண்ணீரைக் கொட்டவில்லை. "பழந்தண்ணிய வெச்சிக்கிட்டு என்னாடி பண்ற" என்று அம்மா சத்தம் போடுகிறாள். போடட்டும்.

வெயிலில் தலைத்துண்டை எடுக்காதே. இருவரும் நல்லபடியாக வந்து சேருங்கள், அது போதும். மாமா தாகமில்லை என்றால் நம்பாதே. ஒவ்வொரு முறையும் அண்ணாந்து குடிக்கச் சொல். தண்ணீர் அவர் வாயில் விழுவதை நீ உன் கண்ணால் பார்க்க வேண்டும், தம்பி.

உன் அக்கா,
எழிலரசி