குளியல் தொட்டியில் வில்லோ

அன்புள்ள ஆர்லன்,

நான் நலம். இழுவைப் படகில் இப்போது யார் சமைக்கிறார்கள்? பீன்ஸும் பன்றிக்கறியும் தவிர வேறு ஏதாவது கிடைக்கிறதா? முழங்கால் உறையை மறக்காமல் போட்டுக்கொள்.

இதற்கு மேல் நல்லவிதமாக எழுத என்னால் முடியாது. மார்ச்சில் உன் விடுப்பு முழுவதையும் சேற்றில் கழித்து, பூங்காவின் ஆற்றங்கரை சரியாமல் இருக்க, வேர் பிடிக்கட்டும் என்று நாம் அடித்து இறக்கினோமே வில்லோ மரக் குச்சிகள், அத்தனையையும் பிடுங்கிவிட்டார்கள். வெள்ளமும் இல்லை, மானும் இல்லை. ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை ஆற்றைச் சுத்தம் செய்ய வந்த தன்னார்வலர்கள்! ஆரஞ்சு நிறச் சட்டை, புதுக் கையுறை, வாயில் டோனட். இலை விடாத குச்சியைப் பார்த்ததும் ஆறு ஒதுக்கிய குப்பை என்று நினைத்துவிட்டார்கள். ஒரு பெண் என்னிடமே வந்து, "எவ்ளோ ஆழமா புதைஞ்சிருந்துச்சு தெரியுமா! மூணு பேரு சேர்ந்து இழுத்தோம்" என்று பெருமையாகச் சொன்னாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

கிரெக்கைத்தான் திட்டினேன். எங்கள் பூங்கா அறக்கட்டளையின் புது மேலாளர்; எனக்கு இப்போது அவன்தான் மேலதிகாரி. 'பிடுங்காதீர்கள், வேர் விடும் செடி' என்று நான் நட்டிருந்த பலகைகளை, புகைப்படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்று முந்தின நாள் எடுத்துப்போட்டதே அவன்தான். "குச்சிக்குப் போயி இப்படிக் குதிக்கிறீங்களே, வெர்லீன்" என்றான். "குச்சியாய்யா அது? அது வேரு விட்டாத்தான் கரை நிக்கும். கரை நின்னாத்தான் நீ ஓடுற பாதை நிக்கும்!" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். வேலை போனால் போகட்டும்.

அதற்கு அவன் என்ன பதில் சொன்னான் தெரியுமா? கரை இன்னும் சரிந்தால், மேலே நிற்கும் காட்டன்வுட் மரத்தை வெட்டிவிட்டுக் கல்லைக் கொட்டிவிடலாமாம். "ஒரு மரந்தானே" என்றான். அதன் அடியில்தான் நம் டெஸ்ஸாவின் சாம்பலைத் தூவினோம் என்று அவனிடம் நான் சொல்லவில்லை. நம் பிள்ளையின் பெயரை அந்த ஆளின் காதில் போட எனக்கு மனமில்லை.

இன்னொன்று கேள். அவர்கள் போனதும் குப்பைத் தொட்டிக்குள் இறங்கி, குச்சிகளைப் பொறுக்கி வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நம் குளியல் தொட்டி நிறைய வில்லோதான், தண்ணீரில் ஊறுகிறது. நான் சமையலறையில் தலை அலசுகிறேன், சிரிக்காதே. இன்று காலை பார்த்தால், சிலவற்றின் அடியில் வெள்ளையாய் வேர் எட்டிப் பார்க்கிறது.

ஆற்றில் தண்ணீர் ஏறுவதற்குள் எல்லாவற்றையும் திரும்ப நட வேண்டும். நீ இல்லாமல் என்னால் ஆகாது. கேப்டனிடம் கெஞ்சியாவது சீக்கிரம் வந்துவிடு. அதற்குள் உன் படகு இந்தப் பக்கம் வந்தால் வழக்கம்போல் சங்கு ஊது. டெஸ்ஸாவுக்கு ஒரு தடவை, எனக்கு ஒரு தடவை. நான் அந்த மரத்தடியில்தான் இருப்பேன். ரம்பத்தோடு வருகிறவன் முதலில் என்னைத் தாண்டட்டும்.

ஆறு உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

கோபம் ஆறாத உன்,
வெர்லீன்