நேராக வீட்டுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் மாடிப்படியை மன்னித்துவிட்டதா? சிங்கப்பூரில் நான் நலம்.

ஞாயிறுதோறும் பிலிப்பைன்ஸிலிருந்து வீட்டு வேலைக்கு வந்த எங்கள் இலோயிலோ ஊர்ப் பெண்களின் சங்கத்தில் பாடுவோம், சாப்பிடுவோம், முதலாளியம்மாக்களைத் திட்டுவோம். இந்த வாரம் மாரடைப்பில் இறந்த என் தோழி நெனித்தாவை வழியனுப்பினோம். சவப்பெட்டியைப் பார்த்தபின், ஆவி வீடுவரை பின்தொடராமல் வழி தவறட்டும் என்று எல்லோரும் நம் ஊர் வழக்கப்படி காப்பிக்கடைக்குக் கிளம்பினார்கள். நான் பேருந்துக்கு நடந்தேன்.

"ஏண்டி, நேரா வீட்டுக்கா போற? அவ பின்னாடியே வந்துருவா," என்றார் சங்கத் தலைவி பசிங் அக்கா.

"வரட்டுங்க்கா. ஒன்பது வருஷமா எங்க முதலாளியம்மா அவளை வாசப்படி தாண்ட விட்டதில்ல. இப்ப தடுக்கட்டும், பாக்கலாம்."

கோபிக்காதீர்கள் அம்மா. பேருந்தில் பக்கத்து இருக்கையில் பையை வைக்காமல் வந்தேன்.

அடுத்த முறை கருவாடு இரண்டு பேருக்கு அனுப்புங்கள். முதலாளியம்மா கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்,
எர்லிந்தா