கொற்றியின் கடைசிப் பந்து குறித்துப் பொன்வாரி வேந்தருக்கு

மழை பிழையாது பெய்க. மூன்று ஆறும் கரைக்குள் ஓடுக.

பொன்வாரி நாட்டின் மலையிரண்டுக்கும் ஒரே குடையானவரும், பகைவர் முதுகு கண்டவரும், நண்பர் முகம் வாடக் காணாதவருமாகிய வேல்கெழு வெளியன் மாறனார் திருமுன்புக்கு, அன்னாரின் தூதனும், நான்கு அரசவைகளில் ஆசனம் பெற்றவனும், அவற்றுள் மூன்றில் அன்றைக்கே அதை இழந்தவனும், இப்போது பன்னிரண்டு பெண்பிள்ளைகளுக்குச் சோறு ஆறிப்போகாமல் பார்த்துக்கொள்ளும் பெரும்பதவி வகிப்பவனுமாகிய தாழைக்கிழான் செழியாதன், ஏழ்துறைப் பட்டினத்து விருந்தினர் மாளிகையிலிருந்து பணிந்து விடுக்கும் ஓலை.

தாங்களும், அரசியாரும், பட்டத்து யானையும் நலமென நம்புகிறேன். இங்கு யாவரும் நலம். அப்படி எழுதுவது ஓலை மரபு என்பதால் எழுதினேன். உள்ளபடி உள்ளதைக் கீழே எழுதுகிறேன்.

தங்கள் ஆணையோலை நேற்று உச்சிப் பொழுதில் குதிரையில் வந்து சேர்ந்தது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட கன்னியருக்கான பதினொரு நாட்டுக் கூடைப்பந்துப் பெருவிழா இங்கு தொடங்க மூன்று நாளே இருக்கையில், நம் அணியின், உப்பு விற்கும் உமணர் குடிப் பெண் கொற்றியை நீக்கிவிட்டு, படைத்தலைவர் மகள் நல்லினியை அவளிடத்தில் நிறுத்துமாறு அதில் பணித்திருக்கிறீர்கள். விழாவுக்கு முன் நட்பு நாடுகளில் ஆடிய மூன்று வெள்ளோட்ட ஆட்டங்களிலும் நாம் ஒவ்வொரு கூடையில் தோற்றதையும், மூன்றிலும் கடைசிப் பந்தை எறிந்து தவறவிட்டவள் கொற்றியே என்பதையும், தலைநகரத் தெருக்களில் அவளைப் பழித்துப் பாட்டுக் கட்டியிருப்பதையும் குறிப்பிட்டு, “அப்பெண்ணின் கை உறுதியற்றது” என்று முடித்திருக்கிறீர்கள்.

எழுத்து அழகாயிருந்தது. முத்திரையும் நேராக விழுந்திருந்தது.

வேந்தே, அரசர்க்கு ஆயிரம் வேலை, மறதி இயல்பு. மறந்ததை நினைவூட்டத்தான் தூதனுக்குச் சம்பளம். நாங்கள் புறப்பட்ட காலையில் கோட்டை வாயிலில் எனக்கு வெற்றிலை கொடுத்தீர்கள். கொடுத்த கையை எடுக்காமலே, என் காதருகே ஒரு சொல் சொன்னீர்கள். விருந்துக்குப் போன வீட்டில் கடைசிக் கவளத்தை இலையில் விட்டு எழுவது பொன்வாரி வழக்கம் என்றும், கடைசிப் பந்தையும் அவ்வாறே விட்டு வருவது பண்பு என்றும், வாய்க்கால் நீரும் உப்பு வழியும் பேச்சில் இருக்கும்போது அயல்வேந்தரை அவர்கள் மண்ணிலேயே தோற்கடித்தால் பேச்சு முறியும் என்றும், இது பிள்ளைகளையும் பயிற்சித் தலைவி இளநாகையையும் தவிர எவர் காதுக்கும் போகலாகாது என்றும் அருளினீர்கள். நான் வெற்றிலையை மென்றபடி தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நிகர் இந்நாட்டில் இல்லை. வேறு எதிலும் நான் அவ்வளவு தேர்ந்தவனல்லன்.

முதல் ஆட்டம் கழிமுக நாட்டில். நாழிகை வட்டிலில் நீர் வற்றும்வரை ஆட்டம் என்பது தாங்கள் அறிந்ததே. அதற்கு முந்திய மாலை இளநாகையிடம் செய்தியைச் சொன்னேன். அந்த அம்மையார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யார் வேண்டுமானாலும் பந்தைத் தவறவிடலாம், ஆனால் மற்றப் பெண்கள் தவறவிட்டால் பந்து கூடைக்கு இரண்டு முழம் தள்ளிப் போய்விடும், அது வேண்டுமென்று விட்டது என்பது பந்தலில் உறங்குகிறவனுக்குக்கூடத் தெரிந்துவிடும், வளையத்தின் விளிம்பைத் தொட்டு, உள்ளே போவதுபோல் ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே விழ வேண்டுமானால் அதற்குக் கொற்றியின் கை ஒன்றுதான் உண்டு என்றார். உப்பு மூட்டைகளை வண்டி மேல் எறிந்து எறிந்து பழகிய கை அது.

கொற்றியை அழைத்துச் சொன்னோம். அவள் சொன்னதை அவைத் தமிழாக்கினால் பொய்யாகிவிடும். வண்டித் தமிழிலேயே எழுதுகிறேன், பொறுத்தருள்க. “தோத்துட்டு வர்றதுக்கு நான் எதுக்கு ஐயா? நீங்களே எறியலாமே” என்றாள். நான் எறிந்தால் பந்து அரசரின் பந்தலுக்குள் போய் விழும், போர் மூளும் என்றேன். சிரித்தாள். பிறகு, “அப்ப நல்லா எறியறவளுக்குத்தான் இந்த வேலையா? சரிதான்” என்றாள். அந்தச் ‘சரிதான்’ எனக்கு அன்று இலேசாகக் கேட்டது. நேற்று முதல்தான் கனக்கிறது.

அன்று பந்து விளிம்பில் சுற்றி வெளியே விழுந்தது. கழிமுகத்தார் எழுந்து ஆரவாரித்தனர். அவர்களின் அரசர் என்னைத் தழுவி, நம் பிள்ளைகள் வீரமாக ஆடியதாகவும் ஊழ் கைவிட்டதாகவும் கண்ணீர் மல்கச் சொன்னார். நானும் கண்ணீர் மல்கினேன். அது தூதர் பயிற்சியின் முதலாண்டிலேயே கற்பிக்கப்படுவது.

இரண்டாம் ஆட்டம் கடம்பவெளியில். இதை எழுதவே கூச்சமாயிருக்கிறது. இரு அணியும் சமமாயிருந்த கடைசி நேரத்தில் பந்தை எவரும் தொட விரும்பவில்லை. நம் பெண் அவர்கள் பெண்ணுக்கு வழிவிட்டாள்; அவள் நம் பெண்ணுக்கு வழிவிட்டாள். சீர் கேட்டு வந்த மருமகனைப்போல் பந்து நடுக்களத்தில் நின்றது. காண வந்த மக்கள் இது புதிய போர்முறை போலும் என்று வாய்பிளந்தனர். பிறகு கடம்பவெளியாள் ஒருத்தி எடுத்து, தவறவிட எண்ணி எறிந்தாள். தவறவிடத் தெரியாத பிள்ளை, பந்து உள்ளே விழுந்துவிட்டது. அவள் இரு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். மிச்சமிருந்த சொட்டு நீரில் கொற்றி எறிந்தாள். விளிம்பு. சுற்று. வெளியே.

அன்று விருந்தில் கடம்பவெளி அமைச்சர் என்னை ஓரமாக அழைத்து, விருந்தாளியை வெறும் இலையோடு அனுப்பலாகாது என்று தம் வேந்தர் தம் நாட்டுப் பெண்களுக்குத் தோற்கும்படி ஆணையிட்டிருந்தார் என்றும், அது பிழைத்ததற்குப் பொன்வாரி பொறுத்தருள வேண்டும் என்றும் வேண்டினார். வாய்க்கால் நீர்ப் பேச்சு என்னவாயிற்று என்று கேட்டேன். அதில் தம் வேந்தர் பத்து நாளுக்கு முன்பே முத்திரையிட்டு விட்டாரே, ஓலை வந்து சேரவில்லையா என்றார்.

வந்து சேரவில்லை, வேந்தே. அல்லது தங்களிடம் வந்தது, எங்களிடம் வரவில்லை. எது என்று கேட்கும் தகுதி எனக்கில்லை. ஆகையால் கேட்கவில்லை, எழுதி மட்டும் வைக்கிறேன். உடனே விரைவோலை விடுத்து, இனியேனும் பிள்ளைகள் ஆட்டத்தை ஆட்டமாக ஆடலாமா என்று வினவினேன். விடை வரவில்லை. விடை வராதபோது பழைய ஆணையே ஆணை. இது தூதர் பயிற்சியின் இரண்டாம் ஆண்டு. வெள்ளோட்டம் என்பது நம் குறை நமக்குத் தெரிவதற்காக ஆடுவது. நாங்கள் இரண்டு நாடு சுற்றித் தெரிந்துகொண்டது, நமக்கு அழகாகத் தோற்கத் தெரியும் என்பது ஒன்றே.

மூன்றாம் ஆட்டம் வெண்கழித் துறையில். மேலே எழுதியதெல்லாம் நகைப்புக்கு ஆகும்; இது ஆகாது.

கொற்றியின் தாய் சாத்தி, தன் உப்பு வண்டியை இரண்டு நாள் வழி சுற்றிக்கொண்டு அந்த ஆட்டத்தைக் காண வந்திருந்தாள். மகள் பந்தெறிவதை அவள் அதற்கு முன் கண்டதில்லை. மூட்டை எறிவதையே கண்டிருக்கிறாள். வந்தவள் கண்முன் மகள் முப்பது கூடை போட்டாள், முப்பத்தோராவதை விட்டாள். ஆட்டம் முடிந்து நான் கொற்றியை அழைத்துவரப் போனபோது, தாய் அவளை நுகத்தடியில் உட்கார வைத்திருந்தாள். “மூணு ஊர்லயும் நீதான் கடைசியா எறிஞ்சியாமே. வழியெல்லாம் சொல்றாங்க. கையக் காட்டு பாப்போம்” என்று, ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டிச் சுளுக்குப் பார்த்தாள். சுளுக்கு எதுவும் இல்லை. அப்படியும் மனம் ஆறாமல், வண்டியிலிருந்த உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, ஒரு குறையுமற்ற அந்த மணிக்கட்டுக்கு ஒத்தடம் கொடுத்தாள். “சூடு தாங்குதா?” என்று கேட்டுக் கேட்டுக் கொடுத்தாள்.

கொற்றி தாயின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். எங்கம்மாவிடமாவது சொல்லலாமா என்பதுதான் அந்தப் பார்வை. நாற்பதாண்டு அரசவை முகங்களைப் படித்தவன் நான்; அதைப் படிக்க எனக்கு நாழிகை ஆகவில்லை. நான் தலையை இடவலமாக ஆட்டினேன். பிறகு பார்க்க வேறொன்றும் இல்லாமல் வண்டிக் காளையைப் பார்த்தேன். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இனி நேற்று. தங்கள் ஓலையைக் கொற்றியே படிக்கச் சொன்னாள். நான் சில சொற்களை விழுங்கிப் படித்தேன். “முழுசாப் படிங்க ஐயா, நான் அழமாட்டேன்” என்றாள். முழுதும் படித்தேன். அழவில்லை. கடைசி வரியை மறுபடி கேட்டாள், இன்னொரு முறையும் கேட்டாள். பிறகு சொன்னாள்: “வேணாம்னு அனுப்பினா போயிடறேன். நான் போகாத ஊரா? ஆனா கை சரியில்லன்னு எழுதியிருக்காரே. விடச் சொன்னவரே எப்படி அப்படி எழுதுவாரு?”

நல்லினியைப் பற்றிக் குறை சொல்லேன். ஆணையோலையின் பின்னாலேயே ஏழு பெட்டிகளோடு வந்து இறங்கிய அப்பெண், நடந்ததைக் கேட்டறிந்து, என்னிடம் வந்து, “எனக்குப் பந்து பிடிக்கவே சரியா வராது மாமா. அப்பாகிட்ட சொன்னேன், கேக்கல” என்றாள். அவளிடம் தந்தையிடம் இல்லாத நேர்மை இருக்கிறது. இதைப் படைத்தலைவருக்குப் படித்துக் காட்டத் தடையில்லை.

ஆகவே அடியேன் செய்தவை இவை. இன்று காலை, பெருவிழா மன்றத்தில் ஒப்படைக்க வேண்டிய பெயரோலையில் கொற்றியின் பெயரை முதலாவதாக எழுதி, தாங்கள் எனக்கு அளித்த தூது முத்திரையை இட்டு, மன்றத்தார் கையிலே கொடுத்துவிட்டேன். இட்ட முத்திரையை மாற்றுவது இவ்விழா விதிப்படி இயலாது. இந்த ஓலை தங்களை வந்தடைய எட்டு நாள் ஆகும்; மறுப்போலை வருவதற்குள் விழாப் பந்தலையே பிரித்திருப்பார்கள். இந்தக் கணக்கெல்லாம் போட்டுத்தான் செய்தேன்; தெரியாமல் செய்துவிட்டேன் என்று பின்னால் சொல்ல மாட்டேன். இதற்கு முன்பே வேறொரு செய்தியும் உமணர் வண்டிகள் போன வழியில் போயிற்று. சாத்திக்கு எழுத்துத் தெரியாது. ஆதலின், அவள் மகள் கைக்கு ஒன்றுமில்லை, விட்டது அரசாணைப்படி, தலையாட்டித் தடுத்தவன் செழியாதன் என்று வாயால் சொல்லும்படி ஆளனுப்பினேன். அரச இரகசியம் வெளிப்பட்டதற்குரிய தண்டனை எதுவோ அதைத் தாங்கள் விதிப்பீர். சிறையாயின் காற்றோட்டமுள்ளதாக இருக்கட்டும், எனக்கு இருமல் உண்டு.

இவ்வளவோடு ஓலை முடிந்திருந்தால் நான் நல்லவனாகத் தோன்றி முடித்திருப்பேன். அந்தப் பேறும் எனக்கு வாய்க்கவில்லை.

பெயரோலை கொடுத்த செய்தியைச் சொன்னதும் கொற்றி பயிற்சிக் களத்துக்குப் போனாள். கடைசிப் பந்து எறியும் அதே இடத்தில் நின்று இருபது பந்து எறிந்தாள். ஆறு உள்ளே விழுந்தன. பதினான்கு விளிம்பைத் தொட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே விழுந்தன. கோபத்தில் வேண்டுமென்றே விடுகிறாளோ என்று நான் இளநாகையிடம் கேட்டேன். அந்த அம்மையார் என் பக்கம் திரும்பாமலே, “இல்லீங்க ஐயா. உள்ள போடத்தான் எறியறா. கை பழகிப்போச்சு” என்றார்.

கொற்றி பந்துகளைத் தானே பொறுக்கினாள். பொறுக்கப்போன நல்லினியையும் விடவில்லை. “இன்னும் ரெண்டு நாள் இருக்குல்ல?” என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றேன். மறுபடி எறியத் தொடங்கினாள். நான் இதை எழுதும் இந்நேரத்திலும் சன்னல் வழியே அந்த ஒலி வருகிறது. உள்ளே விழுவதற்கும் வெளியே விழுவதற்கும் ஒலி வேறு வேறு; இப்போது எனக்குப் பார்க்காமலே தெரிகிறது.

தூதன் வேந்தனுக்கு ஆணையிடுவது முறையன்று. எனினும் இம்முத்திரை இன்னும் என் விரலில் இருக்கையில், தலைநகர் முரசறைவோருக்கும் விழா வரலாறு எழுதும் கணக்கருக்கும் அடியேன் விடுக்கும் கடைசிக் கட்டளை இது: ஏழ்துறைப் பட்டினத்தில் கொற்றி எறிந்து உள்ளே விழும் பந்தெல்லாம் உமணர் மகள் கொற்றி எறிந்தவை என்று அறைக. வெளியே விழும் பந்தெல்லாம் தாழைக்கிழான் செழியாதன் எறிந்தவை என்று அறைக, அவ்வாறே எழுதுக. வேந்தர் பெயரையும் உடன் சேர்ப்பதா என்பது வேந்தர் திருவுளம்.

குடை நிழல் நீள்க. இவை என் எழுத்து. இது என் முத்திரை.